தலை அசைவு எண்களை எதைக் கொண்டு கையாள்வது? மூளைப் படப் பகுப்பாய்வின் உரைக் கோப்புகளுக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

செயல்சார் எம்ஆர்ஐ ஆய்வு ஒன்றில் படக் கோப்புகளுக்கு இருக்கும் மதிப்பு, அவற்றைச் சுற்றி வந்து சேரும் உரைக் கோப்புகளுக்கு இருப்பதில்லை. ஒரே ஒருவரை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து மூன்று ரன் (இடையில் நிற்காமல் எடுக்கும் ஒரு பதிவுச் சுற்று) எடுத்தாலும், தலை எவ்வளவு அசைந்தது என்பதற்கு ஒரு கோப்பு, எந்த நொடியில் எந்தத் தூண்டல் காட்டப்பட்டது என்பதற்குச் சில கோப்புகள், எந்தக் கணங்களை விலக்க வேண்டும் என்பதற்கு ஒன்று, மூளையின் குறிப்பிட்ட பகுதிகளின் சராசரிகளுக்குச் சில என்று கணக்கு ஏறிக்கொண்டே போகும். முப்பது பேரை ஆராய்ந்தால் சில நூறு கோப்புகள் ஆகிவிடும். இவற்றை வெட்டுவதும் ஒட்டுவதும் அலகு மாற்றுவதும் எடுபிடி வேலையாகவே கருதப்படுகின்றன. ஆனால் படத்தில் பிழை இருந்தால் திறந்து பார்க்கும்போது கண்ணில் படும், எண் வரிசையில் இருக்கும் பிழையோ எந்த எச்சரிக்கையும் இல்லாமல் இறுதி வரைபடம் வரை போய்விடும்.

இந்த வேலைக்கு எந்தக் கருவியைத் தேர்ந்தெடுப்பது என்பதே இங்கு எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி. கட்டளை வரியில் பழகியவர் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. பகுப்பாய்வு மென்பொருளோடு சேர்ந்தே வரும் சிறு கருவிகள் முதலாவது. ஆஃப்னி என்னும் மூளைப் படப் பகுப்பாய்வு மென்பொருளின் 1டி குடும்பம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஆக், கட், பேஸ்ட் போன்ற யூனிக்ஸ் கருவிகள் இரண்டாவது. பைத்தானும் அதன் பாண்டாஸ், நம்பை நூலகங்களும் மூன்றாவது. எக்செல் போன்ற விரிதாள் நான்காவது. அதைக் கட்டளை வரிப் பயனர்கள் வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும் பயன்படுத்தாதவர்கள் குறைவு. வேகத்தையோ எழுத வேண்டிய வரிகளின் எண்ணிக்கையையோ வைத்து இவற்றை ஒப்பிடுவது பயனற்றது, ஏனென்றால் அறுநூறு வரிக் கோப்பை நான்குமே கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். கோப்பில் எழுதப்படாமல் இருக்கும் செய்தியில், அதாவது ரன் எங்கே முடிகிறது, எண் எந்த அலகில் இருக்கிறது, விடுபட்ட மதிப்பு எது என்பவற்றில், எந்தக் கருவிக்கு எவ்வளவு தெரியும் என்பதே இங்கே அளவுகோல்.

ஆஃப்னியை ராபர்ட் காக்ஸ் 1994ஆம் ஆண்டு விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் எழுதத் தொடங்கினார். பின்னர் அது அமெரிக்காவின் பெதெஸ்டாவில் உள்ள தேசிய மனநல ஆய்வு நிறுவனத்துக்கு இடம் மாறி, இன்றும் அங்கேயே வளர்ந்து வருகிறது. அதன் 1டி கோப்பு எளிமையிலும் எளிமையானது: இடைவெளியால் பிரிக்கப்பட்ட எண்கள், ஒரு வரிக்கு ஒரு நேரப்புள்ளி, ஒரு நெடுவரிசைக்கு ஓர் அளவு, அவ்வளவுதான். தலைப்பு வரி கட்டாயமில்லை. எண்குறியில் (#) தொடங்கும் வரிகள் கருத்துரையாகத் தள்ளப்படும். இந்த எளிமையால் எந்தக் கருவியும் அதைப் படித்துவிடும். அதே எளிமையால், எந்த நெடுவரிசை எதைச் சொல்கிறது என்பது கோப்பைத் திறந்தவருக்குத் தெரியாது.

தலை அசைவுக் கோப்பையே எடுத்துக்கொள்வோம். தலையை இறுகிய பொருளாகக் கருதி, மூன்று சுழற்சிகளும் மூன்று பெயர்ச்சிகளுமாக ஆறு எண்களால் ஒவ்வொரு வால்யூமின் (ஒரு நேரப்புள்ளியில் எடுத்த முழு மூளைப் படம்) நிலையும் குறிக்கப்படுகிறது. எல்லா மென்பொருளும் இந்த ஆறைத்தான் தருகின்றன, ஆனால் ஒரே முறையில் தருவதில்லை. ஆஃப்னியின் அசைவுத் திருத்தக் கருவியான 3டி-வால்ரெக் சுழற்சிகளை முதலில் வைக்கிறது, பாகையில் தருகிறது. பெயர்ச்சிகள் பின்னால் மில்லிமீட்டரில் வருகின்றன. ஆக்ஸ்ஃபர்டிலிருந்து வரும் எஃப்எஸ்எல் தொகுப்பின் எம்சிஃப்ளர்ட்டும் சுழற்சிகளைத்தான் முதலில் வைக்கிறது, ஆனால் ரேடியனில். லண்டனின் எஸ்பிஎம் பெயர்ச்சிகளை முதலில் வைத்து, சுழற்சிகளை ரேடியனில் பின்னால் தள்ளுகிறது. மூன்றுமே ஆறு நெடுவரிசைகள், மூன்றுமே சிறிய தசம எண்கள், கண்ணால் பார்த்துப் பிரித்தறிவது கடினம்.

இதனால் விளையும் தீங்கு என்ன என்பதைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு ரேடியன் ஏறத்தாழ 57.3 பாகை. அடுத்தடுத்த இரண்டு வால்யூம்களுக்கு நடுவில் ஒருவர் 0.6 பாகை அளவு தலையாட்டினார் என்று வைத்துக்கொள்வோம். ஆஃப்னியின் வழக்கமான அளவையில், ஆறு அளவுகளின் மாற்றங்களையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 0.6 வரும். வரம்பு 0.3 என்று வைத்திருந்தால் அந்தக் கணம் விலக்கப்படும். அதே அசைவை எம்சிஃப்ளர்ட் 0.0105 ரேடியன் என்று எழுதியிருக்கும். அந்தக் கோப்பை அலகு மாற்றாமல் ஆஃப்னியின் கருவிக்குக் கொடுத்தால், 0.0105 என்பது 0.3ஐவிட மிகச் சிறியது என்பதால், கணம் தப்பிவிடும். சுழற்சி அசைவு முழுவதுமே கணக்கிலிருந்து கிட்டத்தட்ட மறைந்துபோகும். கருவி எந்தப் பிழைச் செய்தியும் தராது. தர இயலாது, ஏனென்றால் அதன் கையில் இருப்பவை வெறும் எண்கள்.

இந்த இடத்தில் நான்கு வழிகளுமே தோற்கின்றன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1டி குடும்பத்துக்கு அலகு தெரியாது, ஆக்குக்கும் தெரியாது, பாண்டாஸுக்கு நெடுவரிசையின் பெயர் தெரியுமே தவிர அலகு தெரியாது. அலகைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பதைத் தவிர நான் கண்ட வழி வேறில்லை. பிற கருவிகளிலிருந்து வரும் அசைவுக் கோப்பை உடனே பாகைக்கு மாற்றி, பெயரில் பாகை என்றும் சேர்த்துச் சேமித்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொடங்குவேன். கோப்பின் பெயரை நம்பிவிட முடியுமா என்றால் அதுவும் முழுமையாக முடியாது. 3டி-வால்ரெக்குக்கு இரண்டு வகை வெளியீடு உண்டு: வரிசை எண்ணும் எச்சப் பிழைகளும் சேர்ந்த ஒன்பது நெடுவரிசை டி-ஃபைல் ஒன்று, ஆறே நெடுவரிசை கொண்ட 1டி-ஃபைல் மற்றொன்று. ஆஃப்னியின் தானியங்கி ஸ்கிரிப்ட் உருவாக்கி இரண்டாவதை உருவாக்கிவிட்டு, அதற்கு டி-ஃபைல் என்று தொடங்கும் பெயரைச் சூட்டுகிறது. பழகியவர்களுக்கு இது வேடிக்கை, புதியவர்களுக்கு ஒரு பிற்பகல் வீணாகும் விவகாரம்.

அலகில் எல்லாரும் சமமாகத் தோற்றாலும், ரன் எல்லையில் வேறுபாடு பளிச்சென்று தெரிகிறது. மூன்று ரன், ரன் ஒன்றுக்கு 200 வால்யூம் என்றால், ஒட்டிய அசைவுக் கோப்பில் 600 வரிகள் இருக்கும். அடுத்தடுத்த வரிகளின் வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆக்கில் ஒரே வரி போதும். ஆனால் 200ஆம் வரிக்கும் 201ஆம் வரிக்கும் நடுவில் ஸ்கேனர் நின்றிருக்கிறது. படுத்திருப்பவர் ஒருமுறை மூச்சை இழுத்து விட்டிருப்பார், கழுத்தைச் சற்றுச் சரிசெய்திருப்பார். அந்த வேறுபாடு ஒரு ரன்னுக்குள் நேர்ந்த அசைவு அல்ல. ஆக் அதை அசைவாகவே எண்ணி 201, 401 ஆகிய வரிகளில் பொய்யான தாவல்களைக் காட்டும். பாண்டாஸின் வேறுபாட்டுச் செயல்பாடும், ரன் வாரியாகக் குழுப்படுத்தச் சொல்லாவிட்டால், அதையேதான் செய்யும். ஆஃப்னியின் 1டி-டூலிடம் ரன்களின் எண்ணிக்கையைச் சொல்லலாம். நீளங்கள் சமமற்றவையானால் ஒவ்வொரு ரன்னின் நீளத்தையும் தனித்தனியே சொல்லலாம். சொல்லிவிட்டால் ஒவ்வொரு ரன்னின் முதல் வரியிலும் வேறுபாடு பூஜ்யமாகவே வைக்கப்படும். சராசரி நீக்குவதும் ரன் வாரியாகவே நடக்கும். ஒரு ரன்னின் எண்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற ரன்களின் இடத்தைப் பூஜ்யங்களால் நிரப்பித் தனித்தனி நெடுவரிசைகளாக்குவதும் அதே கருவியின் ஒரு விருப்பம்தான். இதைப் பைத்தானில் எழுத முடியும், எழுதியும் இருக்கிறேன். ஆனால் நான் எழுதிய நாற்பது வரிகளைச் சோதித்தவன் நான் ஒருவன்தான். அந்த விருப்பத்தையோ உலகெங்கும் பல ஆண்டுகளாகப் பலர் பயன்படுத்திப் பிழை கண்டு சொல்லியிருக்கிறார்கள்.

1டி குடும்பத்தின் மற்றொரு வசதி, கோப்பின் பெயரோடு சேர்த்தே எந்தப் பகுதி வேண்டும் என்று சொல்ல முடிவது. சதுர அடைப்புக்குள் நெடுவரிசை எண்களையும் நெளி அடைப்புக்குள் வரி எண்களையும் கொடுத்தால் அந்தப் பகுதி மட்டும் படிக்கப்படும். டாலர் குறி கடைசியைக் குறிக்கும். இடைக்காலக் கோப்புகள் பெருகாமல் இருக்க இது பெரிய உதவி. எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்குகிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஆக்கில் முதல் வரியின் எண் 1, எஸ்பிஎம் ஓடும் மேட்லேபிலும் 1, பைத்தானிலும் ஆஃப்னியிலும் எஃப்எஸ்எல்லிலும் 0. இரண்டு கருவிகளைக் கலந்து பயன்படுத்துபவர், விலக்க வேண்டிய வால்யூமுக்கு அடுத்ததை விலக்கிவிடுவது இதனால்தான். மேலும், சதுர அடைப்பு, நெளி அடைப்பு, டாலர் மூன்றுக்குமே ஷெல்லிலும் பொருள் உண்டு என்பதால், கோப்பின் பெயரை ஒற்றை மேற்கோளுக்குள் வைக்காவிட்டால் ஷெல் அதைத் தன் விருப்பப்படி விரித்துவிடும். மேற்கோள் இல்லாமலும் சில நாள் தற்செயலாக வேலை நடந்துவிடும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து.

யூனிக்ஸ் கருவிகளைக் குறைத்து மதிப்பிடுவதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆக் 1977இல் பெல் ஆய்வகத்தில் பிறந்தது. எந்த லினக்ஸ் கணினியிலும், எந்த மேக்கிலும், மென்பொருள் நிறுவ அனுமதியே இல்லாத கணினித் தொகுதியிலும் அது இருக்கும். உரையும் எண்ணும் கலந்து வரும் இடங்களில் அதுதான் சிறந்தது. ஆஃப்னியின் 3டி-மாஸ்க்-ஏவ், அமைதி விருப்பத்தைக் கொடுக்காவிட்டால், ஒவ்வொரு சராசரிக்கும் பின்னால் எத்தனை வாக்சல்கள் (படத்தின் சிறு கன அலகுகள்) என்பதை அடைப்புக்குள் அச்சிடும்; முதல் சொல்லை மட்டும் எடு என்று ஆக்கிடம் சொன்னால் வேலை முடிந்தது. நூறு பங்கேற்பாளர்களின் பதிவுகளில் எதில் எச்சரிக்கை வந்திருக்கிறது என்று தேடுவதற்கும், எல்லாக் கோப்புகளின் வரி எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று பார்ப்பதற்கும் கிரெப்பையும் ஆக்கையும் விட்டு வேறெங்கும் போக வேண்டியதில்லை.

ஆனால் இவை மிகவும் பணிவானவை. கொடுத்ததை அப்படியே விழுங்கிவிடும். நீளம் வேறுபட்ட இரண்டு கோப்புகளைப் பேஸ்ட்டிடம் கொடுத்தால், குறைந்த கோப்பின் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு மேலே போகும். அதே இரண்டையும் ஆஃப்னியின் 1டி-கேட்டிடம் கொடுத்தால் நீளம் பொருந்தவில்லை என்று சொல்லி நின்றுவிடும். நின்றுவிடுவதுதான் இங்கே நமக்கு வேண்டியது. அசைவுக் கோப்புகளில் எண்கள் நேராக நிற்பதற்காக இடைவெளிகள் கூடவும் குறையவும் இருக்கும். கட் கருவி ஒவ்வோர் இடைவெளியையும் ஒரு பிரிப்பானாக எண்ணுவதால் வெற்று நெடுவரிசைகளைத் தரும். ஆக் தொடர் இடைவெளிகளை ஒன்றாக எண்ணுவதால் இதில் தப்பிக்கும், ஆனால் தாவல்களால் (டேப் குறிகளால்) பிரிக்கப்பட்ட அட்டவணையில் தூண்டலின் பெயர் இரண்டு சொற்களாக இருந்தால் அதே குணத்தால் தவறிவிடும். பிரிப்பான் தாவல் என்று வெளிப்படையாகச் சொன்னால்தான் நெடுவரிசைகள் இடம் மாறாமல் நிற்கும்.

விடுபட்ட மதிப்பு வரும் இடம்தான் ஆக்குக்கு மிகப் பெரிய பொறி. மூளைப் படத் தரவுகளை அடுக்குவதற்கான பிட்ஸ் என்னும் பொதுமுறை 2016இல் வெளியிடப்பட்டது. அதன் அட்டவணைகளில், மதிப்பு இல்லாத இடத்தில் 'என்/ஏ' (n/a) என்று எழுத வேண்டும். படங்களைப் பகுப்பாய்வுக்கு முன்தயாரிக்கும் எஃப்எம்ஆர்ஐபிரெப் மென்பொருள் தரும் இடையூறு அட்டவணையில் முதல் வால்யூமுக்கு முந்தைய வால்யூம் இல்லை என்பதால், அசைவு மாற்றத்தின் முதல் வரி 'என்/ஏ'வாகவே இருக்கும். எண்ணாக மாற்ற முடியாத சொல்லை ஆக் கணக்கில் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். தலைப்பு வரியையும் தள்ளாமல் சராசரி எடுத்தால், இரண்டு பூஜ்யங்கள் கூடுதலாகக் கலந்துவிடும். முந்நூறு வரியில் இது மூன்றாம் தசமத்தில்தான் தெரியும். ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். நம்பையின் வழக்கமான வாசிப்புச் செயல்பாடு அந்த வரியைக் கண்டதும் பிழையோடு நிற்கும். பாண்டாஸ் அதை விடுபட்ட மதிப்பு என்றே புரிந்துகொண்டு, சராசரியிலும் சேர்க்காமல் விட்டுவிடும்.

பெயருள்ள அட்டவணைகளில் பாண்டாஸே முந்துகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணமும் இருக்கிறது. எஃப்எம்ஆர்ஐபிரெப்பின் அட்டவணையில் நூற்றுக்கும் மேற்பட்ட நெடுவரிசைகள் இருப்பது இயல்பு. அவற்றின் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் இரைச்சல் கூறுகளும் விலக்கத்தக்க கணங்களும் ஒவ்வொருவருக்கும் வேறு. ஒருவருக்குப் பெயர்ச்சி 140ஆம் நெடுவரிசையில் இருந்தால் அடுத்தவருக்கும் அங்கேதான் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. எண்ணால் தேர்ந்தெடுக்கும் கருவிகளுக்கு இந்த அட்டவணை ஏற்றதே அல்ல. தலைப்பு வரியைப் படித்துப் பெயரைத் தேடும்படி ஆக்கில் எழுத முடியும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எழுத முடியும்தான், ஆனால் அப்படி எழுதியதை ஆறு மாதம் கழித்துத் தாமே படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று பார்த்துவிட்டு அவர்கள் பேசட்டும். அந்த அட்டவணையிலும் சுழற்சி ரேடியனில்தான் இருக்கிறது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பாண்டாஸுக்கும் தனக்கே உரிய பொறிகள் உண்டு. பங்கேற்பாளர் எண் 01 என்று இருந்தால் அதை 1 என்னும் முழு எண்ணாக்கிவிடும். பிறகு கோப்புப் பாதையை உருவாக்கும்போது அந்த அடைவு இல்லை என்று வரும். உரையாகப் படிக்கும்படி முன்கூட்டியே சொல்ல வேண்டும். இன்னொன்று கொஞ்சம் விந்தையானது. பல சோதனைகளில் தூண்டல் இல்லாத வெற்று நிகழ்வுக்கு 'நல்' (null) என்று ஆங்கிலத்தில் பெயர் வைக்கும் வழக்கம் உண்டு. அந்தச் சொல்லையும் பாண்டாஸ் விடுபட்ட மதிப்பாகவே எடுத்துக்கொள்ளும்; தூண்டல் வகைகளை எண்ணிப் பார்த்தால் ஒரு வகையே காணாமல் போயிருக்கும். எந்தச் சொற்களை விடுபட்டவையாகக் கருத வேண்டும் என்பதை நாமே சொல்லிவிட்டால் இது சரியாகும், ஆனால் அதற்கு இப்படி நடக்கும் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

விரிதாளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு நல்லது, சேமிப்பதற்கு ஆகாது. 01ஐ 1 ஆக்குவதோடு நில்லாமல், தேதி போலத் தோன்றும் சொற்களையும் தேதியாக்கிவிடும் அதன் பழக்கத்தால், மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் குழு சில மரபணுக்களின் பெயர்களையே மாற்ற நேர்ந்தது. விண்டோஸ் கணினியில் சேமித்த உரைக் கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூடுதல் எழுத்து ஒட்டிக்கொள்ளும். பங்கேற்பாளர் பட்டியலில் அது இருந்தால், பெயர் சரியாகவே தெரியும்போதும் அந்தப் பெயரில் கோப்பு இல்லை என்று ஷெல் சாதிக்கும். ஆஃப்னியின் ஃபைல்-டூல் இத்தகைய எழுத்துகளைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்.

தூண்டல் நேரக் கோப்புகள் இந்த ஒப்பீட்டைச் சற்றுத் திருப்பிவிடுகின்றன. எஃப்எஸ்எல் கேட்பது மூன்று நெடுவரிசைகள்: தொடங்கும் நொடி, நீடிக்கும் நொடிகள், எடை. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு வரி, ஒவ்வொரு ரன்னுக்கும் ஒரு கோப்பு. ஆஃப்னியிலோ ஒரு தூண்டல் வகைக்கு ஒரே கோப்பு, அதில் ஒரு ரன்னுக்கு ஒரு வரி, அந்த வரியில் அந்த ரன்னின் தொடக்க நேரங்கள் எல்லாம். ஒரு ரன்னில் அந்தத் தூண்டல் வரவே இல்லை என்றால் வரியை விட்டுவிட முடியாது, விண்மீன் குறி (*) இட வேண்டும். நேரத்தோடு நீட்சியைச் சேர்க்க முக்காற்புள்ளி (:), அளவைச் சேர்க்க விண்மீன் குறி. முதல் வரியில் ஒரே ஒரு நேரம் மட்டும் இருந்தால், அது ரன்னுக்குள் எண்ணிய நேரமா, மொத்தமாக எண்ணிய நேரமா என்ற குழப்பம் வராதபடி அதன் பக்கத்திலும் ஒரு விண்மீன் குறி வைப்பது வழக்கம்.

இப்போது ஒரு சிறிய வேலை. டிஆர், அதாவது ஒரு வால்யூம் எடுக்க ஆகும் நேரம், 2 நொடி, தொடக்கத்தில் நான்கு வால்யூம்களை நீக்கிவிட்டோம், ஆகவே எல்லா நேரங்களிலிருந்தும் 8 நொடி கழிக்க வேண்டும். எஃப்எஸ்எல் கோப்பில் முதல் நெடுவரிசையிலிருந்து 8ஐக் கழி என்று ஆக்கிடம் சொன்னால் போதும். அதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. ஆஃப்னி கோப்பில் அதே கட்டளையை எல்லா நெடுவரிசைகளுக்கும் நீட்டினால், விண்மீன் குறி -8 ஆகிவிடும், 12.5 என்ற நேரமும் முக்காற்புள்ளிக்குப் பின் 4 என்ற நீட்சியும் சேர்ந்த சொல்லில் ஆக் 12.5ஐ மட்டும் எண்ணாகப் படித்து 4.5 என்று எழுதிவிட, நீட்சி காற்றில் போய்விடும். ஆஃப்னியின் டைமிங்-டூலுக்கு இந்தக் குறிகள் எல்லாம் தெரியும். நகர்த்த வேண்டிய நொடிகளைச் சொன்னால் மற்றதை அது பார்த்துக்கொள்ளும். எஃப்எஸ்எல்லின் மூன்று நெடுவரிசைக் கோப்புகளை ஆஃப்னியின் வடிவத்துக்கு மாற்றுவதும் அதே கருவியால் முடியும். ஆக, ஒரே வேலைக்கு வடிவத்தைப் பொறுத்து விடை மாறுகிறது: வடிவம் எளிது என்றால் ஆக்கே போதும், வடிவத்துக்குள் இலக்கணம் இருந்தால் அந்த இலக்கணத்தை எழுதியவர்களின் கருவியே வேண்டும்.

இதற்கு இன்னும் கடுமையான எடுத்துக்காட்டு, மூளையில் நீர் பரவும் திசைகளை அளக்கும் பரவல் எம்ஆர்ஐயில் இருக்கிறது. காந்தப் புலச் சரிவுத் திசைகளை எஃப்எஸ்எல் முறையில் எழுதினால் மூன்று வரிகளும் திசைக்கு ஒரு நெடுவரிசையுமாக ஒரு கோப்பும், பரவலுக்கு எவ்வளவு அழுத்தம் தரப்பட்டது என்று காட்டும் பி-மதிப்புகளுக்குத் தனியே ஒரு கோப்பும் வரும். எம்ஆர்டிரிக்ஸ் என்னும் பரவல் படப் பகுப்பாய்வு மென்பொருள் கேட்பது திசைக்கு ஒரு வரி, வரிக்கு நான்கு எண்கள். திருப்பிப் போட்டு, பி-மதிப்பை நான்காவதாக ஒட்டினால் முடிந்தது என்று தோன்றும். 1டி-டிரான்ஸ்போஸ் ஒரே சொல்லில் திருப்பிக் கொடுக்கும், பேஸ்ட் ஒட்டிக் கொடுக்கும். கோப்பின் உருவம் சரியாகவே இருக்கும், திசைகள்தான் தவறாகிவிடும். எஃப்எஸ்எல்லின் திசைகள் படத்தின் அச்சுகளைச் சார்ந்தவை, சில படங்களில் முதல் அச்சின் குறியும் மாற்றப்பட்டிருக்கும். எம்ஆர்டிரிக்ஸ் எதிர்பார்ப்பதோ ஸ்கேனரின் அச்சுகளை. படத்தின் தலைப்பைப் படிக்காமல் உரைக் கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு இந்த மாற்றத்தைச் செய்யவே முடியாது. இங்கே ஆக்கும் பாண்டாஸும் மட்டுமல்ல, 1டி குடும்பமும் தள்ளுபடி. எம்ஆர்டிரிக்ஸின் எம்ஆர்-கன்வர்ட்டிடம் படத்தையும் இரண்டு கோப்புகளையும் சேர்த்துக் கொடுப்பதே வழி.

விலக்கும் கணங்களின் கோப்பிலும் மரபுகள் மோதுகின்றன. ஆஃப்னியில் ஒரே நெடுவரிசை: 1 என்றால் வைத்துக்கொள், 0 என்றால் விலக்கு. எஃப்எஸ்எல்லின் அசைவு விலகல் கருவியும் எஃப்எம்ஆர்ஐபிரெப்பும் விலக்க வேண்டிய ஒவ்வொரு கணத்துக்கும் ஒரு தனி நெடுவரிசை உருவாக்கி, அந்தக் கணத்தில் மட்டும் 1 என்று எழுதுகின்றன. இரண்டாவதிலிருந்து முதலாவதைப் பெற, வரி வாரியாகக் கூட்டி, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். கழிக்க மறந்தால், நல்ல கணங்கள் எல்லாம் விலக்கப்பட்டுக் கெட்ட கணங்கள் மட்டும் பகுப்பாய்வுக்குப் போகும். நல்லவேளையாக இந்தப் பிழை மறைந்திருக்காது, மீந்த வால்யூம்கள் போதவில்லை என்று நிரல் அலறிவிடும். மறைந்திருப்பது வரம்புகளின் பிழை. எஃப்எம்ஆர்ஐபிரெப்பின் இயல்பான வரம்பு 0.5 மில்லிமீட்டர், ஆனால் அந்த அளவை ஆறு மாற்றங்களின் தனிமதிப்புகளைக் கூட்டுவது. சுழற்சியை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள கோளத்தின் மேற்பரப்புத் தொலைவாக மாற்றுவது. ஆஃப்னியின் அளவை வர்க்கமூலம், ஒரு பாகையை ஒரு மில்லிமீட்டராகவே எடுத்துக்கொள்வது. ஒரே அசைவுக்கு இரண்டும் வேறு எண் தரும் என்பதால், ஒன்றின் வரம்பை மற்றொன்றுக்கு எடுத்துப் போவதில் பொருளில்லை.

உரைக் கோப்பு தன் பொருளையும் சுமந்து வர முடியும் என்பதற்கு ஆஃப்னியிலேயே சான்று உண்டு. தூண்டல்களுக்கான மூளைச் செயல்பாட்டைக் கணக்கிடும் 3டி-டிகான்வால்வ் எழுதும் வடிவமைப்பு அணிக் கோப்பில், கருத்துரை வரிகளுக்குள் நெடுவரிசைகளின் பெயர்களும், எந்த வால்யூம்கள் எஞ்சின என்ற பட்டியலும் பொதிந்திருக்கும். 1டி-டூல் அவற்றைப் படித்து, அசைவுக்குரிய நெடுவரிசைகள் எவை, எந்த இரண்டு நெடுவரிசைகள் ஒன்றோடொன்று அதிகம் ஒத்துப்போகின்றன என்றெல்லாம் சொல்லும். அதே கோப்பை நம்பையில் திறந்தால் கருத்துரை வரிகள் தள்ளப்பட்டு எண்கள் மட்டும் வரும். அவை விலக்கலுக்குப் பிந்தைய வரிகள் என்பதும் அப்போது தெரியாமல் போகும். 600 வரிகளை எதிர்பார்த்தவருக்கு 571 வந்தால், தரவு எங்கோ தொலைந்துவிட்டது என்றே தோன்றும். விலக்கலுக்கு முந்தைய முழு அணி தனிக் கோப்பாகவும் எழுதப்படுகிறது, அதைத் திறந்திருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் வைத்து, புதிதாகத் தொடங்கும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவுக்கு என் பரிந்துரை இதுதான். பகுப்பாய்வு ஆஃப்னியில் நடக்கிறது என்றால், ரன்களோடு தொடர்புள்ள எல்லாவற்றையும், அதாவது வேறுபாடு, சராசரி நீக்கம், விலக்கல், தூண்டல் நேரம் ஆகியவற்றை, ஆஃப்னியின் கருவிகளுக்கே விட்டுவிடுங்கள். பெயருள்ள அட்டவணை எங்கே தொடங்குகிறதோ அங்கே பாண்டாஸை வையுங்கள்: பிட்ஸ் நிகழ்வு அட்டவணையை வகை வாரியாகப் பிரிப்பது, எஃப்எம்ஆர்ஐபிரெப்பின் அட்டவணையிலிருந்து வேண்டிய நெடுவரிசைகளைப் பெயரால் எடுத்துச் சுழற்சியைப் பாகையாக்கிப் பெயரில்லாத 1டி கோப்பாக எழுதுவது, முடிவில் எல்லாருடைய சராசரிகளையும் ஒரே அட்டவணையில் சேர்ப்பது. ஆஃப்னியின் புதிய 1டி-கேட்டும் தாவல் பிரித்த அட்டவணையைப் படிக்கும், ஆனால் பெயர்கள் ஆளுக்கு ஆள் இடம் மாறும் அட்டவணைக்கு நான் அதை நாட மாட்டேன். ஆக்கையும் கிரெப்பையும் கணக்கிடுவதற்கு வேண்டாம், சரிபார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். குழுவில் ஒருவருக்கும் பைத்தான் தெரியாது, தரவும் பிட்ஸ் முறையில் இல்லை என்றால், ஆஃப்னியும் ஆக்கும் மட்டுமே போதும். பகுப்பாய்வு எஃப்எஸ்எல்லில் என்றால் கணக்கு மாறும்: அங்கே உரைக் கருவிகள் குறைவு, வடிவங்கள் எளிமை, ஆகவே ஆக்கின் பங்கு கூடும்.

ஒன்று மட்டும் எந்தக் குழுவுக்கும் பொருந்தும். படக் கோப்புகளில் ஆஃப்னி தான் செய்த ஒவ்வொரு கட்டளையையும் தலைப்பிலேயே எழுதிவைக்கிறது. பல ஆண்டுகள் கழித்தும் அதை எடுத்துப் பார்க்கலாம். நாமே வெட்டி ஒட்டிய உரைக் கோப்புக்கு அத்தகைய நினைவு இல்லை. திரையில் தட்டச்சிட்டு உருவாக்கிய ஒரு 1டி கோப்பு எப்படி வந்தது என்று கேட்டால், ஷெல்லின் வரலாறு அழிந்த பிறகு யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஒரே ஒரு வரிக் கட்டளையானாலும் ஸ்கிரிப்டில் எழுதி ஓட்ட வேண்டும். அந்த ஸ்கிரிப்டின் இறுதியில் இரண்டு வரிகளைச் சேர்த்துவிடலாம்: ஒன்று, 1டி-டூலைக் கொண்டு வரிகளும் நெடுவரிசைகளும் எத்தனை என்று அச்சிட்டு, படத்தின் வால்யூம் எண்ணிக்கையோடு ஒப்பிடுவது, மற்றொன்று, 1டி-பிளாட்டால் ஆறு நெடுவரிசைகளையும் வரைந்து ஒரு படமாகச் சேமிப்பது. சுழற்சிக் கோடுகள் மூன்றும் பூஜ்யத்தோடு ஒட்டித் தட்டையாகக் கிடந்தால், அவை ரேடியனா என்று முதலில் பாருங்கள்.